அளவி பொய் சொல்லும்போது: ஆய்வகக் கண்காணிப்பில் மின்னழுத்த எச்சரிக்கைகள்

12 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 3.9 வோல்ட் காட்டுகிறது அளவி. கண்காணிப்பு மென்பொருள் சிவப்பு விளக்கை ஏற்றிப் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை அனுப்பியது அதே கணினிதான். மின்னழுத்தம் உண்மையிலேயே அவ்வளவு இறங்கியிருந்தால் வன்வட்டு சுழன்றிருக்காது, மின்விசிறி நின்றிருக்கும், செய்தி கிளம்பியே இருக்காது. எச்சரிக்கை வந்து சேர்ந்ததே அது பொய் என்பதற்குச் சான்று.

எல்லாப் பொய் எச்சரிக்கைகளும் இப்படித் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதில்லை. அதே அளவி 11.3 வோல்ட் காட்டினால் என்ன முடிவுக்கு வருவது? கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிமுறை 12 வோல்ட் தடத்துக்கு நெடுங்காலம் 5% ஏற்ற இறக்கத்தை அனுமதித்தது; அதாவது 11.4 முதல் 12.6 வரை. 11.3 என்பது பவர் சப்ளை தளரத் தொடங்கியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அளவியின் கோளாறாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது.

நம்ப முடியாத அளவீட்டை வைத்துக்கொண்டு மணியடிப்பதா, வேண்டாமா? கணினிகள் வருவதற்கு முன்பே தொடங்கிய கேள்வி இது. தரக் கட்டுப்பாட்டாளர்கள், ரேடார் பொறியாளர்கள், துகள் இயற்பியலாளர்கள், அணுஉலை வடிவமைப்பாளர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள் என்று பலரும் தத்தம் துறையில் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளை ஐந்து வகையாகத் தொகுத்து, எது எந்தப் பிழைக்கு மருந்தாகிறது, எங்கே தோற்கிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது.

அளவு ஏன் பொய்க்கிறது?

விடைகளை எடைபோடும் முன் நோயை வகைப்படுத்துவது நல்லது. மின்னழுத்த அளவீட்டில் நிகழும் பிழைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிலையான பிழை. 1990களில் மதர்போர்டுகளில் பரவலான எல்எம்78 வகைச் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளீடு ஏறக்குறைய 4 வோல்ட் வரைதான் அளக்கும். ஒவ்வொரு படியும் 16 மில்லிவோல்ட். 12 வோல்ட்டை அளக்க வேண்டுமானால் இரண்டு மின்தடைகளைக் கொண்டு அதைப் பங்கிட்டுக் குறைத்துத் தர வேண்டும். பிறகு மென்பொருள் அந்த விகிதத்தால் பெருக்கி உண்மை மதிப்பைச் சொல்லும். போர்டு தயாரிப்பாளர் என்ன மின்தடைகளைப் போட்டார் என்பது பல சமயம் வெளியே தெரியாது. லினக்ஸின் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அமைப்புக் கோப்பில் அந்த விகிதத்தைத் தாமே எழுதிச் சேர்க்க நேர்வது இதனால்தான். விகிதம் சரியாகவே தெரிந்தாலும் பிரச்சினை தீராது. 12 வோல்ட்டை 3 வோல்ட்டாகக் குறைக்கும் இணையில் இரண்டு மின்தடைகளுக்கும் 5% விலகல் அனுமதிக்கப்பட்டால், மிக மோசமான நிலையில் கணக்கிட்ட மதிப்பு ஏறக்குறைய 8% தவறிப்போகும். தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கமே 5%தான். 1% மின்தடைகளைப் போட்டால் அந்தப் பிழை 1.5% அளவுக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது, சிதறல். எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எழும் இரைச்சல் உண்டு என்பதை 1928இல் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் விளக்கினார். அறை வெப்பநிலையில் 1 மெகாஓம் மின்தடை, 10 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில், 13 மைக்ரோவோல்ட் அளவு இரைச்சலைத் தானாகவே உண்டாக்கும். கணினித் தடத்துக்கு இது தூசு. மில்லிவோல்ட்டின் பின்னங்களை அளக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்கு இது புறக்கணிக்க முடியாதது.

மூன்றாவது, விட்டுவிட்டு வரும் பிழை. லூஸ் கனெக்‌ஷன், துருவேறிய முனை, எர்த் கம்பிகள் வளையமாக இணைந்து மின்வலையின் அலையை உள்ளே இழுப்பது ஆகியவை இந்த வகை. எங்கும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் விடப்பட்ட உள்ளீடும் இதில் சேரும். அது பக்கத்துக் கம்பியின் அலையைப் பிடித்துக்கொண்டு மனம்போன எண்ணைக் காட்டும்.

நான்காவது, இடம் மாறிய அளவீடு. அளவி சரியாகவே அளக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் பொருளை அளக்கவில்லை. இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது. அழுத்தத் தணிப்பு வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தே கிடந்தது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. மின்சாரம் நின்றதைக் கண்ட இயக்குநர்கள் வால்வு மூடிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தது.

முதல் விடை: எல்லைக்கோட்டைத் தள்ளி வைப்பது

மிகப் பழைய விடையும் எளிய விடையும் இதுவே: பொய் எச்சரிக்கை மிகுந்தால் எல்லையைத் தளர்த்து. இதற்குக் கணித வடிவம் தந்தவர் வால்ட்டர் ஷுவார்ட். 1924இல் அவர் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தில், சராசரியிலிருந்து மூன்று சிக்மா (திட்ட விலக்கம்) தொலைவில் இருபுறமும் எல்லை வரையப்பட்டது. அளவீடுகள் இயல்புப் பரவலில் இருந்தால், எந்தக் கோளாறும் இல்லாதபோதே எல்லை மீறப்படும் வாய்ப்பு 0.27% மட்டுமே.

மிகச் சிறிதாகத் தெரியும் இந்த எண், எல்லாவற்றையும் இடைவிடாமல் அளக்கும் இன்றைய ஆய்வகத்தில் வேறு முகம் காட்டுகிறது. 200 மின்னழுத்தப் புள்ளிகளை நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கும் அமைப்பு நாளொன்றுக்கு 2,88,000 அளவீடுகளைப் பெறுகிறது. அவற்றில் 0.27% என்பது 778 பொய் எச்சரிக்கைகள். எல்லையை நான்கு சிக்மாவுக்கு நகர்த்தினால் நாளுக்குச் சுமார் 18. ஐந்து சிக்மாவுக்கு நகர்த்தினால் ஆறு நாளுக்கு ஒன்று. தொழிற்சாலையில் சில மணிக்கொரு முறை கையால் அளந்து குறித்த காலத்துக்குப் பொருந்திய எல்லை, தானியங்கி அளவீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

எல்லையைத் தள்ளி வைப்பதன் விலை, உண்மைக் கோளாறைத் தவறவிடுவது. நெய்மனும் பியர்சனும் 1933இல் இந்த இரண்டு பிழைகளையும் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்தார்கள். ரேடார் ஆய்விலிருந்து வளர்ந்த சைகை கண்டறிதல் கோட்பாடு, 1950களிலும் 1960களிலும், எல்லையை எங்கே வைப்பது என்பது அளவீட்டை மட்டும் பொறுத்ததன்று என்று வாதிட்டது. பொய் எச்சரிக்கைக்கும் தவறவிட்ட கோளாறுக்கும் தனித்தனியே என்ன விலை கொடுக்க நேரும், கோளாறு எவ்வளவு அரிது என்ற இரண்டையும் பொறுத்தே அது அமையும்.

அந்த விலையைக் காட்டும் நிகழ்ச்சி, செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் 2008 செப்டம்பர் 19 அன்று நடந்தது. மீகடத்திக் காந்தங்களுக்கு இடையிலான ஓர் இணைப்பில் மின்தடை தோன்றி, சுமார் 8.7 கிலோஆம்பியர் மின்னோட்டத்தில் மின்பொறி எழுந்தது. ஏறக்குறைய 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை எடுத்துப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. காந்தங்களை இணைக்கும் மின்தடத்தில் அப்போது வைக்கப்பட்டிருந்த எச்சரிக்கை எல்லை 1 வோல்ட். மோசமான இணைப்பில் முன்கூட்டியே எழும் சிறு மின்னழுத்தத்தைக் காண அது போதவில்லை. புதிய அமைப்பில் எல்லை 0.3 மில்லிவோல்ட்டாக இறக்கப்பட்டது. முந்தையதைவிட 3,000 மடங்குக்கு மேல் நுட்பம்.

எல்லையைப் பற்றிய வாதத்தில் அடிக்கடி விடுபடுவது ஒன்று: எல்லையை எங்கே வைத்தாலும் அது சிதறலுக்கு மட்டுமே மருந்து. பங்கீட்டு விகிதம் தவறாக எழுதப்பட்ட தடத்துக்கு எல்லையைத் தளர்த்துவது பிழையைப் பிழையால் மூடுவதாகும். அங்கே செய்ய வேண்டியது, நம்பகமான மல்ட்டிமீட்டரால் ஒரு முறை அளந்து விகிதத்தைத் திருத்துவது.

இரண்டாம் விடை: சற்றுப் பொறுத்துப் பார்ப்பது

ஒரே ஓர் அளவீட்டை நம்பாதே, தொடர்ந்து வருகிறதா என்று பார் என்பது இரண்டாம் விடை. இதன் ஒரு வேர் உயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறது. கணவாய் மீனின் நரம்புத் துடிப்புகளை 1930களில் ஆய்ந்துகொண்டிருந்த ஆட்டோ ஷ்மிட், ஏறும்போது ஓர் அளவிலும் இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த அளவிலும் நிலை மாறும் மின்சுற்றை உருவாக்கி, 1938இல் வெளியிட்டார். எல்லைக்கோட்டின் மேலேயே தத்தளிக்கும் அளவீடு நொடிக்கு நூறு முறை மணியடிப்பதை இந்த இரட்டை எல்லை தடுக்கிறது. சர்வர்களின் வன்பொருள் கண்காணிப்புக்காக 1998இல் வந்த ஐபிஎம்ஐ விதிமுறையிலும் ஒவ்வொரு உணரிக்கும் இத்தகைய இடைவெளியை வரையறுக்க இடம் உண்டு.

மென்பொருளில் இதே எண்ணம் வேறு வடிவங்கள் எடுத்தது. பல அளவீடுகளின் நடுமதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையை ஜான் டூக்கி பரவலாக்கினார். சராசரியைப் போலல்லாமல், ஒற்றைத் துள்ளலுக்கு நடுமதிப்பு அசைந்துகொடுக்காது. பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் நாகியோஸ் மென்பொருள், முதல் தோல்வியை மென்நிலை என்று குறித்து வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்ற பிறகே அதை வன்நிலையாக்கிச் செய்தி அனுப்பும்.

முந்தைய கணக்கையே தொடர்ந்தால், மூன்று சிக்மா எல்லையை மூன்று முறை தொடர்ந்து மீறினால்தான் எச்சரிக்கை என்று வைத்தால், நாளுக்கு 778 ஆக இருந்தது சுமார் 176 நாளுக்கு ஒன்றாகக் குறையும். இந்த வியத்தகு குறைவு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்பது அந்த அனுமானம். வெப்ப இரைச்சலுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். எர்த் வளையத்துக்கோ, பக்கத்து அறையில் அரை மணி நேரம் ஓடும் வெற்றிடப் பம்புக்கோ பொருந்தாது. அவை மூன்று முறையும் அதே பொய்யைச் சொல்லும்.

பொறுத்துப் பார்ப்பதன் விலை நேரம். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை அளவி சொல்லாது. கண்காணிக்கப்படும் பொருளின் இயற்பியல்தான் சொல்லும். மோதுவியின் இருமுனைக் காந்தங்களில் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் 10 மில்லிநொடி நீடித்தால், மீகடத்தும் நிலை கெட்டது என்று பாதுகாப்பு அமைப்பு முடிவு செய்கிறது. அதற்குமேல் தாமதித்தால் கம்பிச் சுருள் வெந்துவிடும். சர்வர் அறையில் ஐந்து நிமிடம் காத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் கெடாது. ஓர் ஆய்வகத்தின் தாமத அளவை மற்றோர் ஆய்வகம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள முடியாததற்குக் காரணம் இது.

இன்னொரு குறையும் உண்டு. தளர்ந்த மின்இணைப்பு என்பது உண்மைக் கோளாறு. அதன் அறிகுறியே விட்டுவிட்டு வரும் சிறு சரிவுதான். பொறுமையான வடிகட்டி அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். நாகியோஸ் கடைசி 21 சோதனை முடிவுகளைப் பார்த்து, நிலை ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால் அந்தப் புள்ளிக்கான செய்திகளை நிறுத்திவைக்க வல்லது. தொல்லை நிற்கிறது. ஆனால் அந்தத் தத்தளிப்பே பழுதின் சான்றாக இருக்கும்போது, சான்றும் சேர்ந்து அடங்கிப்போகிறது.

மூன்றாம் விடை: பல சாட்சிகளைக் கேட்பது

ஒரு சாட்சி பொய் சொல்லலாம். தொடர்பில்லாத இருவர் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. இந்த எண்ணத்தை ஆய்வகத்தில் கருவியாக்கியவர் வால்ட்டர் போத்தே. 1920களின் நடுவில் கைகருடன் சேர்ந்து அவர் பயன்படுத்திய உடனிகழ்வு முறையில், இரண்டு எண்ணிகளும் ஒருசேரத் துடித்தால் மட்டுமே அது நிகழ்வாகக் கணக்கிடப்பட்டது. 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த முறைக்காகவே. நம்பகமற்ற உறுப்புகளைக் கொண்டு நம்பகமான அமைப்பைக் கட்ட முடியுமா என்ற கேள்வியைப் பொதுவாக எழுப்பி, பெரும்பான்மை வாக்கெடுப்பால் முடியும் என்று 1956இல் வெளியான கட்டுரையில் காட்டினார் ஜான் வான் நாய்மன். மூன்றில் இரண்டு உணரிகள் ஒத்துப்போனால் மட்டுமே உலையை நிறுத்தும் அணுஉலைப் பாதுகாப்பு முறையும் இதே வழியில் வருவது.

இம்முறையின் உச்சம் என்று ஈர்ப்பலை ஆய்வைச் சொல்லலாம். 2015 செப்டம்பர் 14 அன்று ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில், சுமார் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள லைகோ கருவிகள் ஒரே சைகையைப் பெற்றன. அது தற்செயலான இரைச்சலாக இருக்கும் வாய்ப்பு 2,03,000 ஆண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று அறிவிக்கப்பட்டது. எண்ணைவிட, அதைப் பெற்ற வழி இங்கே முக்கியம். ஒரு கருவியின் பதிவை மற்றதைவிட முன்னும் பின்னும் நகர்த்தி வைத்து, உண்மைச் சைகையே இருக்க முடியாத நிலையில் எத்தனை போலி உடனிகழ்வுகள் கிடைக்கின்றன என்று எண்ணினார்கள். பொய் எச்சரிக்கையின் அளவை அனுமானிக்காமல் நேரடியாக அளந்த வழி இது. சாதாரண ஆய்வகக் கண்காணிப்பில் இப்படி அளந்து பார்ப்பது அரிது.

சாட்சிகளின் பலவீனம், அவர்கள் உண்மையில் தனித்தவர்களா என்பதில் இருக்கிறது. மதர்போர்டில் 12, 5, 3.3 வோல்ட் தடங்களை அளப்பது பெரும்பாலும் ஒரே சிப்தான். அதன் ஒப்பீட்டு மின்னழுத்தம் நகர்ந்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் நகரும். இதைத் தெரிந்தவர்கள் அதையே துப்பாகவும் கொள்கிறார்கள்: எல்லாத் தடங்களும் ஒரே சதவீதத்தில் ஒரே நேரத்தில் சரிந்தால், பவர் சப்ளையைவிட அளவியின் மேல் ஐயம் கொள்வது பொருத்தமாக இருக்கும்.

செர்ன் காந்தங்களிலும் இதே சிக்கல் எழுந்தது. மின்னோட்டத்தை ஏற்றும்போது தூண்டலால் எழும் பெரிய மின்னழுத்தத்தைக் கழித்துவிட, காந்தத்தின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது அங்குள்ள வழக்கம். இரு பாதிகளும் ஒரே நேரத்தில் சமமாகக் கெட்டால் வேறுபாடு பூஜ்யமாகிவிடும். ஒப்பீடு எதையும் காணாது. பிற்பாடு சேர்க்கப்பட்ட அமைப்பு, ஒரு காந்தத்தைப் பக்கத்துக் காந்தங்களோடு ஒப்பிட்டு இந்த ஓட்டையை அடைத்தது. பொய் எச்சரிக்கையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே குருட்டுப் புள்ளியை உண்டாக்கியது என்பது கவனிக்கத்தக்கது.

நான்காம் விடை: மணியின் வாயைக் கட்டுவது

பொய் சொல்வதாக உறுதிப்பட்ட உணரியை நிறுத்திவிடுவது நடைமுறையில் மிகப் பரவலான விடை. எல்எம்-சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் இணைக்கப்படாத உள்ளீடு திரையிலிருந்தே மறைந்துவிடும். அந்தரத்தில் விடப்பட்ட உள்ளீட்டுக்கு அதுவே சரியான மருத்துவம். அங்கே காண்பதற்கு எதுவும் இல்லை.

விண்வெளி வரலாற்றில் இதற்கு ஒரு துணிச்சலான முன்னுதாரணம் உண்டு. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 நிலவில் இறங்கத் தயாரானபோது, பயணத்தைக் கைவிடும் பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சைகை வந்துகொண்டிருந்தது. யாரும் அழுத்தவில்லை. பலகையைத் தட்டினால் சைகை மறைந்தது. சுவிட்சுக்குள் சிதறிக் கிடந்த உலோகத் துணுக்கு காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். எம்ஐடியின் ஆய்வகத்தில் இருந்த டான் ஐல்ஸ், அந்தப் பொத்தானைக் கணினி பொருட்படுத்தாதபடி செய்யும் கட்டளை வரிசையைச் சில மணி நேரத்தில் எழுதினார். விண்வெளி வீரர்கள் அதைக் கையால் உள்ளிட்டு இறங்கினார்கள். பொய் எச்சரிக்கை அடங்கியது. கூடவே, உண்மையான ஆபத்தில் அழுத்த வேண்டிய பொத்தானும் வழக்கமான முறையில் வேலை செய்யாது என்பதை எல்லோரும் தெரிந்தே ஏற்றார்கள்.

அந்த முடிவு ஏற்கத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், அது ஒரு பயணத்துக்கு மட்டுமான ஏற்பாடு. சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஆய்வகங்களில் அப்படி நடப்பதாகச் சொல்ல முடியாது. நிறுத்தியவர் வேலை மாறிப் போயிருப்பார். உணரியை மாற்றிய பிறகும் மென்பொருளில் தடை நீடிக்கும். 2009இல் வெளியான ஐஎஸ்ஏ 18.2 தரநிலை, எச்சரிக்கையை ஒதுக்கி வைப்பதற்குக் கால வரம்பு, காரணப் பதிவு, மறுபரிசீலனை ஆகியவற்றை வலியுறுத்துவது இந்த மறதியை எதிர்கொள்ளவே.

மணி கேட்பவரின் பக்கம்

இதுவரை கண்டவை கருவியின் பக்கம். ஆடு மேய்த்த சிறுவன் ‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய கதை எல்லோருக்கும் தெரியும். ஊரார் மேல் குற்றம் சொல்வோர் இல்லை. ஆய்வக விபத்துகளில் மட்டும், மணியைக் கேட்டும் எழாதவர் மேல் முதலில் பழி விழுகிறது.

கணக்கு வேறு சொல்கிறது. 10,000 சோதனைக்கு ஒரு முறை மட்டுமே உண்மைக் கோளாறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோளாறை 99% கண்டுபிடிக்கும், கோளாறு இல்லாதபோது 1% மட்டுமே தவறாக ஒலிக்கும் நல்ல கருவிகூட, ஏறக்குறைய 100 முறை ஒலித்தால் 99 முறை பொய்யாகவே ஒலிக்கும். அதைப் பொருட்படுத்தாதவர் நூற்றுக்கு 99 முறை சரியாகவே நடந்துகொள்கிறார். ஜேம்ஸ் பிளிஸும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட சோதனைகளில், பெரும்பாலோர் எச்சரிக்கையின் நம்பகத்தன்மைக்கு ஏற்ற விகிதத்திலேயே அதற்குச் செவிகொடுத்ததைக் கண்டார்கள்.

எண்ணிக்கையும் சுமையே. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் வந்தன என்று பிரிட்டிஷ் அரசு விசாரணை பதிவு செய்தது. அந்த விபத்துக்குப் பின் வந்த ஈஈஎம்யுஏ 191 வழிகாட்டி, ஓர் இயக்குநருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கை என்பதையே ஏற்கத்தக்க நீண்டகால அளவாக வைக்கிறது. தோலின் மேல் ஒட்டிய முனைகள் வழியே மில்லிவோல்ட் அளக்கும் இதயக் கண்காணிப்பும் இந்தக் கேள்வியின் உறவினரே. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 31 நாளில் 25 லட்சத்துக்கு மேல் எச்சரிக்கைகள் பதிவாயின. கையால் சரிபார்க்கப்பட்ட 12,671 இதயத்துடிப்புக் கோளாறு எச்சரிக்கைகளில் 88.8% பொய்.

ஐந்தாம் விடை: ‘தெரியவில்லை’ என்று சொல்ல விடுவது

மேற்கண்ட நான்கு விடைகளும் ஒரு பொது அனுமானத்தைப் பகிர்கின்றன. அளவி சொல்லக்கூடியவை இரண்டே: நலம், அல்லது ஆபத்து. நம்ப முடியாத அளவீடு இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மூன்றாம் நிலை வேண்டும் என்பது ஐந்தாம் விடை.

இதன் மிக அழகான வடிவம் மிகப் பழையது. தொழிற்சாலைக் கருவிகள் அளவீட்டை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் வழக்கத்தில், மிகக் குறைந்த அளவுக்கும் 4 மில்லிஆம்பியர் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகும். பூஜ்யம் எந்த அளவீட்டுக்கும் உரியதன்று என்பதால் கோளாறு கருவியில் என்று உடனே தெரிந்துவிடும். நாமூர் அமைப்பின் என்ஈ 43 பரிந்துரை இதை மேலும் கூர்மையாக்கியது: 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் உணரிக் கோளாறு. இதோடு ஒப்பிட்டால், 0 முதல் 5 வோல்ட் வரை அனுப்பும் எளிய உணரியில் பூஜ்யம் என்பது ‘அளவு பூஜ்யம்’ என்றும் பொருள்படும், ‘கம்பி அறுந்தது’ என்றும் பொருள்படும். ஆய்வகங்களில் காணும் பொய் எச்சரிக்கைகளில் ஒரு பகுதி இந்தச் சொற்பஞ்சத்தால் வருவதாகக் கொள்ள இடமுண்டு.

ஆக்ஸ்ஃபோர்டில் மானஸ் ஹென்றியும் டேவிட் கிளார்க்கும் 1993இல் முன்வைத்த ‘தன்னைத் தானே சரிபார்க்கும் உணரி’ ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு அளவீட்டோடும் அதன் ஐயப்பாட்டின் அளவையும் நிலையையும் உணரியே சேர்த்து அனுப்பும். ஐபிஎம்ஐ விதிமுறையிலும் ‘இந்த அளவீடு கிடைக்கவில்லை’ என்று சொல்ல ஒரு பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பலவீனம் எங்கே? சொல்பவருக்கு மூன்றாம் சொல் இருந்தாலும் கேட்பவருக்கு அது புரிய வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவூர்தி கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது. ஒரே மென்பொருளை ஓட்டிய இரண்டு திசையறி அமைப்புகளும் ஒரே பிழையால் செயலிழந்தன. பல சாட்சிகள் என்ற விடை அங்கே தோற்றது. பிறகு அவற்றுள் ஒன்று அனுப்பிய கோளாறு அறிக்கையை முதன்மைக் கணினி பறத்தல் தரவாகவே படித்துத் திசையைத் திருப்பியது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற சொல் கட்டளையாகக் கேட்கப்பட்டது.

கணினி எண்முறையிலும் இதே பொறி காத்திருக்கிறது. மிதவைப் புள்ளி எண்களுக்கான 1985ஆம் ஆண்டுத் தரநிலை, ‘எண் அன்று’ என்னும் சிறப்பு மதிப்பைத் தந்தது. கிடைக்காத அளவீட்டுக்கு அதை இடுவது வழக்கம். ஆனால் அதை எந்த எல்லையோடு ஒப்பிட்டு ‘இதைவிடக் குறைவா, அதிகமா’ என்று கேட்டாலும் விடை ‘இல்லை’ என்றே வரும். எல்லைக்குக் கீழே போனால் மணியடி என்று எழுதிய நிரல், அளவீடே இல்லாதபோது அமைதியாக இருந்துவிடும். பொய் எச்சரிக்கையைவிட மோசமான பொய் அமைதி இது.

மூன்றாம் நிலைக்கு எதிரான நடைமுறை வாதத்தையும் சொல்ல வேண்டும். ‘தெரியவில்லை’ என்பதும் யாராவது கவனிக்க வேண்டிய செய்திதான். அதையும் நள்ளிரவில் அனுப்பினால் சுமை குறையாது. அதை உடனடி எச்சரிக்கையாக்காமல், காலையில் பார்க்கும் பழுதுப் பட்டியலில் சேர்ப்பது பல இடங்களில் போதுமானதாக இருக்கலாம். மோதுவிக் காந்தம் போன்ற இடங்களில் அது போதாது. அங்கே ‘தெரியவில்லை’ என்பதை ‘ஆபத்து’ என்றே கொள்ள நேரும்.

இன்னும் தீராதவை

கற்கும் இயந்திரங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை கடந்த சில ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பதையே பொருளாகக் கொண்டு 2015இல் பிசியோநெட் போட்டி நடத்தியது. இவ்வழி பயன்தரக்கூடும். ஆனால் உண்மைக் கோளாறு அரிது என்பதால் கற்பதற்கு எடுத்துக்காட்டுகளும் அரிது. கணினித் தடங்களில் மதர்போர்டுக்கு மதர்போர்டு மின்தடையும் விகிதமும் மாறுவதால் ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் பொருந்துமா என்பது தெளிவாகவில்லை.

அதைவிட அடிப்படையான இரண்டு கேள்விகள் திறந்தே கிடக்கின்றன. அடக்கப்பட்ட எச்சரிக்கைகளில் எத்தனை உண்மையானவை என்பதை எப்படி அறிவது? ஒலித்த மணியைச் சரிபார்க்கலாம். ஒலிக்காததைச் சரிபார்க்க லைகோவில் செய்ததைப் போலத் தனி உழைப்பு வேண்டும். அடுத்தது, இரண்டு பிழைகளின் விலையை யார் நிர்ணயிப்பது? இரவுப் பணியில் இருப்பவருக்குப் பொய் எச்சரிக்கையின் விலை தெரியும். நிர்வாகத்துக்குத் தவறவிட்ட கோளாறின் விலை தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் அளவுகோல் இன்னும் அமையவில்லை.

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் நான்கும் பிழையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றன. எல்லை அதைத் தவறவிடலாக்குகிறது, பொறுமை தாமதமாக்குகிறது, சாட்சிகள் பொதுக் காரணத்தில் ஒளிக்கிறார்கள், தடை மறதியாக்குகிறது. அளவியின் பிழை எந்த வகை என்று தெரிந்த பிறகு இவற்றில் எதுவும் நல்ல கருவியே. தெரியாத நிலையில் ஐந்தாவதற்கு முன்னுரிமை தருவது பொருத்தம் என்று தோன்றுகிறது. அதை ஆய்வகங்கள் மிகக் குறைவாகவே கையாள்கின்றன.

தங்கள் கண்காணிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புவோர் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஆபத்தில்லாத ஓர் உணரியின் கம்பியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். பூஜ்யம் காட்டி மணியடித்தால், பொய் எச்சரிக்கை உங்களுக்குக் காத்திருக்கிறது. பழைய எண்ணையே காட்டிக்கொண்டு பச்சையாக இருந்தால், பொய் அமைதி காத்திருக்கிறது. அதை முதலில் திருத்துங்கள்.